பிரேக் குழாயின் வாயை விரிக்கும் லீவர் கருவி: 23 முனைகளுக்குப் பிறகு

இந்தக் கருவியால் 23 முனைகளுக்கு ஃப்ளேர் செய்து, அதாவது குழாயின் வாயை விரித்து வடிவமைத்து, முடித்த பிறகே இதை எழுதுகிறேன். அவற்றில் 6 முனைகள் கை பழகுவதற்காகத் துண்டுக் குழாயில் செய்தவை. 16 முனைகள் இப்போது வண்டியில் இருப்பவை. ஒன்று என் மறதியால் வீணானது. கருவி, வைஸில் (மேசையில் பொருத்திய பிடிப்பானில்) இறுக்கி வைத்துப் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்தது. குழாயைப் பற்றிக்கொள்ள இரு பாதிகளாகப் பிரியும் எஃகு அச்சு, அதற்கு எதிரே பல பஞ்சுகள் (punch, குழாயின் வாயை அழுத்தி வடிவமாக்கும் உலோகத் துண்டுகள்) பொருத்திய சுழல் தலை, அந்தத் தலையை முன்னே தள்ளுவதற்கு ஒரு நீண்ட லீவர் ஆகிய மூன்றும்தான் அதன் உடல். ஏறத்தாழ இதே வடிவத்தைப் பல பெயர்களில், பல வண்ணப் பெட்டிகளில் விற்கிறார்கள் என்பதால், என் பெட்டியின் மேலிருந்த பெயரைச் சொல்வதைவிட இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று சொல்வதே வாங்க நினைப்பவருக்குப் பயன்படும்.

முதலில், இந்த வேலை ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுகளைத் தாண்டிய காரின் பின் சக்கர அச்சுக்கு மேல் செல்லும் குழாயைப் பிடித்திருந்த கிளிப்பைக் கழற்றியபோது, குழாயின் அந்த இடம் மட்டும் மற்ற பகுதியைவிடத் தடிமனாகத் தெரிந்தது. தடித்திருந்தது குழாயல்ல, துரு. நகத்தால் சுரண்டியதும் அது செதில் செதிலாக உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் ஒரு கடுகு அளவுக்கு ஈரம் முத்துவிட்டது. பெடல் அதுவரை சரியாகத்தான் இருந்தது. பழைய வண்டிகளில் குழாய் அரித்துப்போகும் இடம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: வெளியில் தெரியும் நீளத்தில் அல்ல, கிளிப்புக்கு அடியிலும், பெட்ரோல் டாங்கிக்கு மேலேயும், சேறு அப்பிக்கொண்டு காயாமல் கிடக்கும் மூலைகளிலும். ஒரு குழாய் இந்த நிலைக்கு வந்துவிட்டால், அதே வயதில் அதே சேற்றில் கிடந்த மற்றவற்றை நம்பி ஓட்டுவதில் பொருளில்லை என்று எட்டுக் குழாய்களையும் மாற்ற முடிவு செய்தேன்.

தொழிற்சாலையில் பொருத்திவரும் குழாய் சாதாரண எஃகுக் குழாய் அல்ல. செம்பு பூசிய மெல்லிய எஃகுப் பட்டையை இரண்டு சுற்றாகச் சுருட்டி, உலையில் சூடேற்றி, செம்பு உருகி இரண்டு சுற்றுகளையும் ஒன்றாகப் பற்றவைக்கும்படி செய்த இரட்டைச் சுவர்க் குழாய் அது. பண்டி குழாய் என்ற பெயரும் அதற்கு உண்டு. பெரும்பாலான கார்களில் அதன் வெளிவிட்டம் 3/16 அங்குலம், அதாவது 4.75 மி.மீ.; சுவரின் தடிமன் 0.7 மி.மீ. அளவில் இருக்கும். கடுமையாகப் பிரேக் மிதிக்கும்போது இந்தக் குழாய்க்குள் அழுத்தம் 70 பாரைத் தாண்டுகிறது. டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பாரைச் சற்றே தாண்டுவது என்பதோடு ஒப்பிட்டால், அந்த மெல்லிய சுவர் எதைத் தாங்குகிறது என்பது விளங்கும். அந்த அழுத்தம் முழுவதையும் கசியாமல் நிறுத்துவது ரப்பரோ வாஷரோ அல்ல. குழாயின் விரிந்த வாய் எதிரிலுள்ள கூம்புமீது உலோகத்தோடு உலோகமாக அமர்ந்து நிறுத்துகிறது. அந்த வாயைத்தான் நாம் கையால் செய்யப் போகிறோம்.

அந்த வாயை ஒற்றை மடிப்பாக விரித்தால் பிரேக்குக்கு ஆகாது. ஒற்றையாக விரித்த ஓரம் மெலிந்து, அதிர்விலும் இறுக்கத்திலும் வெடித்துவிடும். ஆகவே முதலில் வாயை வெளிப்புறமாக உப்பச் செய்து, பிறகு அந்த உப்பலைக் கூம்பால் உள்ளே மடித்து, ஓரம் இரட்டைத் தடிமனாகும்படி 45 பாகையில் அமைக்க வேண்டும். இது இரட்டை ஃப்ளேர். முதல் படியோடு நின்று, குமிழ் போன்ற வடிவத்திலேயே விட்டுவிடுவது குமிழ் ஃப்ளேர். ஒன்று உட்குழிந்த கூம்பு, மற்றொன்று வெளியே புடைத்த மொட்டு. ஒன்றுக்கான துளையில் மற்றொன்று ஒருபோதும் சரியாக அமராது, எவ்வளவு இறுக்கினாலும் சரி. ஹைட்ராலிக் கருவிகளிலும் விமானங்களிலும் வரும் 37 பாகை ஃப்ளேர் மூன்றாவது இனம். பார்வைக்கு 45 பாகையோடு ஒத்திருப்பதால்தான் அதைப்பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

லீவர் கருவியை வாங்குவதற்குமுன் நான் பயன்படுத்தியது, பலரிடமும் பெட்டியின் அடியில் கிடக்கும் எளிய வகை: வரிசையாகத் துளைகள் கொண்ட இரண்டு பட்டைகள், அவற்றை நெருக்க இரண்டு இறக்கை நட்டுகள், மேலே மாட்டிக்கொள்ள ஒரு நுகம், அதன் நடுவில் கூம்பு வைத்த திருகு. ஏர்கண்டிஷனர் வேலையில் மென்மையான செம்புக் குழாய்க்கு இது போதுமானது. எஃகுக் குழாயில் நடந்தது வேறு. திருகை இறுக்க இறுக்க, வாய் விரிவதற்குப் பதிலாகக் குழாய் பட்டைக்குள் மெதுவாகப் பின்னோக்கி நழுவியது. இறக்கை நட்டுகளைக் குறடால் இறுக்கியபோது நழுவுவது குறைந்தது. ஆனால் பட்டைகள் ஒருபக்கமாகச் சாய்ந்து, குழாயின் உடலில் நெடுகப் பல் தடம் விழுந்தது, வாயும் ஒருபக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கிக் கோணிக்கொண்டது. 9 முறை முயன்றதில் 4 முனைகள் கண்ணுக்குத் தேறின. அவற்றைப் பொருத்தி மிதித்துப் பார்த்தபோது 2 கசிந்தன. தேறிய மற்ற இரண்டையும் நான் நம்பவில்லை. எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன்.

இந்தத் தோல்வியிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்றே: ஃப்ளேர் கருவியின் தரம் அதன் பஞ்சில் இல்லை, பிடியில் இருக்கிறது. பஞ்சு என்பது ஒரு கடைசல் துண்டு. மலிவான பெட்டியிலும் அது பெரும்பாலும் சரியான வடிவில்தான் வருகிறது. 4.75 மி.மீ. குழாயை, நசுக்காமலும் நழுவவிடாமலும், பஞ்சின் மையத்துக்கு நேராகவும் பற்றிக்கொள்வதுதான் கடினம், செலவும் அங்கேதான். லீவர் கருவியை நான் இந்த ஒரு அளவுகோலால்தான் எடைபோடுகிறேன்.

அந்த அளவுகோலில் இது தேறுகிறது. அச்சின் இரு பாதிகளும் துளைக்குள் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டவை. ஏறத்தாழ ஒரு பெருவிரல் நீளத்துக்குக் குழாயைச் சுற்றிலும் அணைக்கின்றன. மேலே ஒரு கனத்த போல்ட் அவற்றை நேர்க்கீழாக அழுத்துவதால், இறக்கை நட்டுக் கருவியில் வந்த சாய்வு இதில் வர வழியில்லை. சுழல் தலையில் '0' என்று குறித்த பக்கம் தட்டையான ஒரு தடுப்பு. லீவரை முன்னே இழுத்துப் பிடித்துக்கொண்டு, குழாயை அச்சின் பின்புறத்திலிருந்து அந்தத் தடுப்பில் முட்டும்வரை தள்ளி, போல்ட்டை இறுக்கினால், வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய நீளம் தானாக அமைந்துவிடுகிறது. பழைய கருவியில் அந்த நீளத்தைப் பஞ்சின் விளிம்பு உயரத்தோடு கண்ணால் ஒப்பிட்டு வைக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் குறைந்தால் மடிப்பு முழுமையாகாது, கூடினால் உள்வாய் மடிந்து துளையையே அடைக்கும். தலையை '1' என்ற நிலைக்குத் திருப்பி லீவரை இழுத்தால் வாய் உப்புகிறது. '2' நிலையில் கூம்பு வந்து அதை உள்ளே மடிக்கிறது. தலையின் ஒவ்வொரு நிலையிலும் ஒரு குண்டு பொட்டென்று பள்ளத்தில் விழுந்து அமர்கிறது; அந்த ஒலி வராமல் லீவரை இழுத்தால் பஞ்சு மையம் விலகிவிடும் என்பதை என் மூன்றாவது பழகுதுண்டு சொல்லித் தந்தது.

லீவரை இழுக்கும்போது கைக்குத் தெரியும் உணர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஃகுக் குழாயில் முதல் இழுப்பு ஓரளவு எதிர்த்து நின்று, பிறகு வெண்ணெய்போல் இறங்கி, கடைசியில் கல்லில் முட்டியதுபோல் நிற்கிறது. நிற்கும் இடம்தான் முடிவு. அதற்குமேல் உடல் எடையைப் போட்டுத் தொங்கினால், இரண்டாம் நிலையில் ஓரம் தகடுபோல் மெலிந்து, மடித்ததன் பயனே போய்விடும். நன்றாக வந்த இரட்டை ஃப்ளேரின் வெளிவிட்டம் 3/16 அங்குலக் குழாயில் 7 மி.மீ. அளவில் இருக்கும், முகம் கண்ணாடிபோல் வழுவழுப்பாக, கோடோ கீறலோ இல்லாமல், நடுத்துளை வட்டத்தின் நட்டநடுவில் இருக்கும். நான் ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மிகை என்று தோன்றலாம். ஆனால் ஒரு முனையில் முடிபோன்ற ஒரு வெடிப்பு அப்படித்தான் கண்ணில் பட்டது. அது பழகுதுண்டு என்பது என் நல்ல நேரம். வெடிப்புக்குக் காரணம் கருவியல்ல, நான் வெட்டிய விதம்.

வெட்டும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். குழாயைச் சிறிய சக்கரக் கட்டரால் வெட்ட வேண்டும். அவசரத்தில் திருகை அதிகம் இறுக்கிச் சுற்றினால் வெட்டிய இடத்தில் துளை உட்புறமாக ஒடுங்கி, அந்த ஒடுங்கிய விளிம்புதான் ஃப்ளேரின் முகத்தில் முதலில் பிளக்கிறது. ஒரு சுற்றுக்குக் கால் திருப்பு என்று பொறுமையாகப் போனால் முனை சதுரமாக வருகிறது. பிறகு முனையின் முகத்தை அரத்தால் சமன்செய்து, வெளி விளிம்பை 45 பாகையில் லேசாகச் சரித்து, உள்விளிம்பின் பிசிறைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிசிறு எடுக்கும்போது முனையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். மேல்நோக்கிப் பிடித்தால் தூள் குழாய்க்குள் போய், ஒருநாள் வீல் சிலிண்டரின் (சக்கரத்தில் பிரேக்கை இயக்கும் உருளையின்) ரப்பரைக் கீறும். பிளாஸ்டிக் பூச்சுள்ள எஃகுக் குழாயாக இருந்தால், அச்சு பற்றும் நீளத்துக்குப் பூச்சைச் சுரண்டி எடுக்காமல் எந்தக் கருவியும் அதைப் பிடிக்காது, இந்தக் கருவியும் உட்பட.

பெட்டியோடு வரும் துண்டுக்காகிதத்தின் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 'பஞ்சில் எண்ணெய் தடவுக' என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். என்ன எண்ணெய் என்று சொல்லவில்லை. என்ஜின் ஆயிலையோ கிரீஸையோ தடவினால், அதில் ஒரு துளி குழாய்க்குள் தங்கினாலும் பிரேக் அமைப்பின் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும்; வழக்கமான டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது, அதற்கான ரப்பருக்கும் கனிம எண்ணெய்க்கும் ஆகாது. பஞ்சில் தடவ வேண்டியது அதே பிரேக் ஆயிலில் ஒரு துளிதான். அதுவும் பஞ்சில் மட்டும். அச்சின் பற்களில் பட்டால் பிடி வழுக்கும். இந்த வேறுபாட்டைத் தெரியாதவர் கையில் அந்தக் காகிதம் கிடைத்தால் என்ன ஆகும் என்று நினைக்காமலே அச்சிட்டிருக்கிறார்கள்.

குழாயைத் தேர்வது கருவியைத் தேர்வதற்கு இணையான முடிவு. நான் ஒரு சுருள் எஃகுக் குழாயும் ஒரு சுருள் செம்பு நிக்கல் குழாயும் வாங்கினேன். செம்பு நிக்கல் என்பது ஏறத்தாழ 90 பங்கு செம்பும் 10 பங்கு நிக்கலும், சிறிதளவு இரும்பும் மாங்கனீசும் சேர்ந்த கலவை; கப்பல்களின் கடல்நீர்க் குழாய்களுக்குப் பயன்படும் அதே குடும்பம், 1970களிலிருந்து வோல்வோ தன் கார்களிலேயே பொருத்தத் தொடங்கியது. துருப்பிடிக்காது, கையாலேயே வளைகிறது, லீவர் கருவியில் எஃகுக்குத் தேவைப்படும் இழுப்பில் பாதிகூடத் தேவைப்படவில்லை. எஃகு மலிவானது, கல்லடியைத் தாங்கும், பார்வைக்கு மூலத்தைப்போலவே இருக்கும். ஆனால் வெட்டிய, வளைத்த, அச்சு பல்பதித்த இடங்களில் பூச்சுப் போன எஃகு மீண்டும் துருவைத் தேடித்தான் போகும். கடைசியில் பின் சக்கர அச்சின் மேல் வரும் இரண்டு குழாய்களுக்கு மட்டும் எஃகைப் போட்டு, மற்ற ஆறுக்கும் செம்பு நிக்கல் போட்டேன். செம்பு நிக்கலைச் சுத்தச் செம்போடு குழப்பக் கூடாது. சுத்தச் செம்புக் குழாய் அதிர்வில் இறுகி, நாளடைவில் களைத்து வெடிக்கும். பிரேக்குக்கு அது ஆகாது, நிறம் மட்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும். துருவேறா எஃகு அழகுதான், ஆனால் அதன் கடினத்தால் இரட்டை ஃப்ளேர் செய்வது இந்தக் கருவிக்குப் பெரும் சோதனை. நான் அதில் முயலவில்லை, இந்த மதிப்பீடு அதற்குப் பொருந்தாது.

பழைய குழாயைக் கழற்றுவதில் சாதாரணத் திறந்தவாய் ஸ்பேனரைத் தொடக்கூடாது. நட்டின் ஆறு முகங்களில் ஐந்தைப் பற்றும், குழாய் நுழைய ஒரு வெட்டு மட்டும் உள்ள ஃப்ளேர் நட் ஸ்பேனர்தான் வேண்டும். அதற்கும் அசையாத நட்டுகளில் நான் குழாயையே நட்டுக்கு ஒட்டி வெட்டிவிட்டு, ஆறுமுக சாக்கெட்டை முழுவதுமாக ஏற்றித் திருப்பினேன்; எப்படியும் எறியப்போகும் குழாய்தானே. ஆனால் வெட்டுவதற்குமுன் ஒவ்வொரு குழாயின் வடிவத்தையும் கம்பி ஒன்றில் வளைத்து எடுத்து வைத்துக்கொண்டது, பிறகு பல மணிநேரத்தை மிச்சப்படுத்தியது.

இனி, கருவியோடு நேரடியாகத் தொடர்பில்லாவிட்டாலும் கருவியின்மேல் பழி விழக்கூடிய ஒன்று: நட்டுகளின் மரை. என் வண்டியில் மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தித் தள்ளும் உருளையின்) துளைகள் எம்10, ஒரு மில்லிமீட்டர் மரை. பின் இடது வீல் சிலிண்டரோ, எப்போதோ யாரோ மாற்றியதில், 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. முதலாவதன் விட்டம் 10 மி.மீ.; இரண்டாவதன் விட்டம் 9.5 மி.மீ.; மரைக்கு மரை தூரமோ முறையே 1.00, 1.06 மி.மீ. கண்ணால் பிரித்தறிய முடியாத இந்த வேறுபாட்டில்தான் ஆபத்து இருக்கிறது. சிறிய நட்டு பெரிய துளைக்குள் தளர்வாக ஏறி, சில சுற்றுகளுக்குப் பிறகு இறுகியதுபோலவே பாசாங்கு செய்யும். அழுத்தம் வந்ததும் மரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். கருவிப் பெட்டியில் நட்டுகள் எதுவும் வராது என்பதால் தனியாக வாங்க வேண்டும். வாங்கும்போது விட்டத்தை அளக்கும் வெர்னியரும், மரை அளவிடும் சீப்பும் கையில் இருக்க வேண்டும். இரட்டை ஃப்ளேருக்கான நட்டின் நுனி உட்குழிந்திருக்கும், குமிழுக்கானது அப்படியிருக்காது. என் வண்டியின் 16 முனைகளில், பின் சக்கரங்களுக்கான அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வில் சேரும் 2 மட்டும் குமிழ் வகை. அச்சைத் திருப்பி மறுபக்கத்தை முன்னே வைத்து, முதல் நிலையோடு நிறுத்தினால் குமிழ் கிடைத்துவிடுகிறது. இதற்காக வேறு பாகம் வாங்க வேண்டியதில்லை என்பது இந்தக் கருவியின் பெருந்தன்மை.

வீணான அந்த ஒரு முனையையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள, ஏழு வளைவுகள் போட்டு முடித்த குழாய். முதல் முனை சரியாக அமைந்தது. இரண்டாவது முனையின் ஃப்ளேர், செய்ததிலேயே அழகானது; அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து மகிழ்ந்தபோதுதான் மேசைமேல் ஒரு நட்டு தனியாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இரு பக்கமும் வாய் விரிந்த குழாயில் நட்டை நுழைக்க வழியே கிடையாது. அந்த வாயை வெட்டி எறிந்து, மீண்டும் செய்து, குழாய் சற்றுக் குட்டையானதை ஒரு வளைவைத் திருத்திச் சமாளித்தேன். அன்றிலிருந்து குழாயை வெட்டியவுடனே இரண்டு நட்டுகளையும் ஏற்றி, நடுவில் ஒரு சணல் முடிச்சால் கட்டிவைத்த பிறகே அரத்தை எடுக்கிறேன்.

இப்போது கருவியின் குறைகள். அச்சுக்குப் பின்னால் குழாய் நேராக இருக்க வேண்டும். அந்த நேர்நீளத்தில் நட்டும் பின்தள்ளி நிற்க இடம் வேண்டும். ஆகவே நட்டுக்கு ஒட்டி வளையும் குழாய்களில் ஃப்ளேரை முதலில் செய்துவிட்டு, கடைசி வளைவைப் பிறகுதான் போட முடியும். நட்டு அந்த வளைவில் மாட்டிக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். என் எட்டுக் குழாய்களில் மூன்று இப்படிப்பட்டவை. இரண்டாவதாக, வைஸ் இல்லாதவருக்கு இந்தக் கருவி வெறும் கனமான இரும்புத் துண்டு. வைஸும் ஆடாத மேசைமேல் இருக்க வேண்டும். லீவரை இழுக்கும்போது என் பழைய மேசையே முன்னே நகர்ந்து வந்தது. மூன்றாவதாக, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஏற்கெனவே பொருத்தியிருக்கும் குழாயின் முனையை அங்கேயே ஃப்ளேர் செய்ய இதனால் முடியாது. அந்த வேலைக்குக் கையில் பிடிக்கும் ஹைட்ராலிக் கருவியோ, வண்டியிலேயே பயன்படுத்தும் சிறிய திருகு வகையோதான் சரி. கைப்பிடி ஹைட்ராலிக் வகையை நண்பரிடம் இரவல் வாங்கி ஒருநாள் பார்த்தேன்: பிடி இதற்குச் சமம், வேகம் இதைவிடக் குறைவு, ஆனால் சக்கர வளைவுக்குள் நுழைகிறது. தொழிலாகச் செய்பவருக்கு இரண்டும் வேண்டும். ஒரே ஒரு குழாயை மாற்றப் போகிறவருக்கு இரண்டுமே வேண்டாம். இரு முனையும் ஃப்ளேர் செய்து நட்டோடு விற்கும் ஆயத்தக் குழாயில் நீளம் பொருந்துவதைத் தேடி வாங்குவதே அறிவுடைமை. ஒன்றை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்: துருப்பிடித்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு, தண்ணீர்க் குழாய்க்குப் போடுவதுபோல் கம்ப்ரெஷன் இணைப்பால் ஒட்டுப்போடுவது. பிரேக்கின் அழுத்தத்துக்கும் அதிர்வுக்கும் அந்த வளையப் பிடி நிற்காது.

பொருத்தியதும் நட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கினேன். இந்த அளவு நட்டுகளுக்கு அது பெரும்பாலும் 15 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும், பலர் நினைப்பதைவிடக் குறைவு. மாஸ்டர் சிலிண்டருக்கு அருகில் ஒரு சுருள் வளையம் விட்டேன், என்ஜினின் அதிர்வு ஃப்ளேரின் கழுத்தில் போய் விழாமலிருக்க. பழைய ஆயிலை முழுதும் வெளியேற்றி, புதிய டாட் 4 ஊற்றி, கையேட்டின் வரிசைப்படி மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து ஏர் எடுத்தோம், அதாவது குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றினோம். என் மனைவி பெடலில், நான் நிப்பிளில். டாட் 4 ஆயில் ஈரம் சேராத நிலையில் 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதனால் திறந்து மாதக்கணக்கில் கிடந்த டப்பாவை இதற்கு எடுக்கவில்லை.

என்ஜினை ஓடவிட்டு, மனைவி பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்தபோது, ஒவ்வொரு நட்டையும் வெள்ளைத் தாளால் துடைத்துப் பார்த்தேன். 16 முனைகளில் 15 உலர்ந்திருந்தன. மாஸ்டர் சிலிண்டரில் சேரும் ஒரு முனையில் மட்டும் தாளில் ஒரு புள்ளி ஈரம். மேலும் இறுக்க வேண்டும் என்றுதான் கை துடித்தது. ஆனால் நட்டைத் தளர்த்தி மீண்டும் இறுக்கி, மறுபடி தளர்த்தி இறுக்கினேன். செம்பு நிக்கலின் மென்மையான வாய் கூம்புமீது தேய்ந்து உட்கார இது உதவும். அதன்பிறகு அதுவும் உலர்ந்துவிட்டது. ஒரு வாரம் கழித்தும், ஆறு மாதம் கழித்தும் அதே தாள் சோதனையைச் செய்தேன். தூசியைத் தவிர எதுவும் ஒட்டவில்லை.

கருவியின் தேய்மானத்தைப் பற்றியும் ஒரு சொல். 23 முனைகளில் பஞ்சுகளின் முகம் மங்கக்கூட இல்லை. 4.75 மி.மீ. அச்சின் பற்களிலோ, எஃகுக் குழாயைப் பிடித்த பக்கத்தில், முனைகள் மழுங்கிப் பளபளக்கத் தொடங்கிவிட்டன. கடைசி இரண்டு எஃகு முனைகளில் போல்ட்டை முன்பைவிடக் கூடுதலாக இறுக்க வேண்டியிருந்தது. பற்களின் பள்ளத்தில் சேர்ந்திருந்த உலோகத் தூளைக் கம்பிப் பிரஷால் தேய்த்து எடுத்ததும் பிடி பெருமளவு திரும்பியது. இப்போது ஒவ்வொரு முனைக்கும் முன்னால் அதைச் செய்கிறேன். அச்சு ஜோடியைத் தனியாக வாங்க முடிகிறதா என்று கேட்டறிந்த பிறகே இந்த வகைக் கருவி எதையும் வாங்குங்கள். தேயப்போவது அந்த ஒரு பாகம்தான்.